ஆராய்ந்து அறியத்தக்கதா இறைவன் உண்மை?
மெய்கண்டார் காட்டிய அறிவு வழி

ஆலயத் திருவிழா என்றதும் கொடியேற்றமும் காவடியும் பால்குடமும் தேர்ப்பவனியும் அன்னதானமும் நம் மனக்கண்முன் நிற்கின்றன. கமுந்திங், தைப்பிங் வட்டாரத்து மக்கள் தங்கள் உழைப்பின் ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஆலயத்திற்கு மனமுவந்து அளித்து வருகின்றனர். தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்து, பால்மரம் சீவி, அரை வயிறு உண்ட காலத்திலும் நம் முன்னோர் கோயில் கட்டத் தயங்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் பெயர்ந்த பின்னரும் அந்தப் பற்று குன்றவில்லை. இது போற்றுதற்குரியது.

ஆயினும் இன்றைய நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுந்து நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் பயிலும் மகனோ மகளோ விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, "கடவுள் உண்டு என்பதை எப்படி அறிந்தீர்கள்? காரணம் காட்ட முடியுமா?" என்று கேட்கின்றனர். அவ்வேளையில் பெற்றோர் பலர், "இப்படியெல்லாம் கேட்கக் கூடாது, சாமி குற்றமாகும்" என்று வாயை அடைத்துவிடுகின்றனர். வாய் அடைபடுகிறது; ஐயம் அடைபடுவதில்லை. அது உள்ளே இருந்து வளர்ந்து, சில ஆண்டுகளில் அப்பிள்ளையை ஆலய வாசலிலிருந்தே அப்புறப்படுத்திவிடுகிறது.

இக்கேள்வி தகாத கேள்வி அன்று. நம் சமய ஆசாரியர்கள் இதற்கு அஞ்சியதும் இல்லை. தமிழ்ச் சைவத்தின் தலையாய சாத்திர நூல் இக்கேள்வியைத்தான் தன் முதற் சூத்திரமாக எடுத்துக்கொள்கிறது என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேட்டு வளர்ந்த மரபு

நம் நாட்டின் ஐந்து தேசியக் கோட்பாடுகள் 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பட்டன. ருக்குன் நெகாரா எனப்படும் அவற்றுள் முதலாவது, இறைவன்மீது நம்பிக்கை வைத்தல். நம் பிள்ளைகள் பள்ளி நாள்களிலேயே இதனை ஓதி வளர்கின்றனர். நாள்தோறும் ஓதும் ஒரு கோட்பாட்டின் பொருளை ஆராய்வது அவர்களுக்கு உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

தமிழர்க்கு இந்த ஆராய்ச்சி புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் தலைவி வஞ்சி மாநகரை அடைந்து, பல்வேறு சமயவாணர்களை அணுகி, அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். அளவை நூலின் நுட்பங்களுக்காக அக்காப்பியம் ஒரு காதையையே ஒதுக்குகிறது. நீலகேசியும் வாதங்களால் அமைந்த காப்பியமே. சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் முதற்பகுதியாகிய பரபக்கம், உலோகாயதம் தொடங்கிப் 14 பிற கொள்கைகளை எடுத்துக்கூறி மறுக்கிறது. மறுப்பதற்கு முன்னர் ஒவ்வொரு கொள்கையையும் அக்கொள்கையினரே ஒப்புமாறு எடுத்துரைப்பது அந்நூலின் முறை. கடவுள் இல்லை என்போரின் வாதத்தையும் தன் நூலுள் இடங்கொடுத்து எழுதும் துணிவு, தன் சமயத்தின் வலிமையை உணர்ந்தவர்க்கே வரும்.

வேதத்தை ஏற்றுக்கொண்டவர் எல்லாரும் படைப்புக் கடவுளை ஏற்றவர் என்று கருதுவதும் பொருந்தாது. பூர்வ மீமாம்சையினர் வேதத்தை உயிரினும் மேலாகப் போற்றினர். எனினும் உலகைப் படைத்த ஒருவன் தேவையில்லை, செய்த வினையே பயனைத் தரும் என்றனர். நிரீச்சுர சாங்கியரும் இறைவனை வேண்டாது உலகத் தோற்றத்தை விளக்க முயன்றனர். எனவே நம் ஆசாரியர்கள் பிற சமயத்தாரோடு மட்டுமன்றித் தம் வீட்டாரோடும் வாதிட வேண்டியிருந்தது. "வேதம் சொல்கிறது" என்ற விடை அவ்விடத்தில் போதவில்லை. அறிவை மட்டுமே கருவியாகக் கொண்டு பேச வேண்டிய நிலை அங்கே பிறந்தது.

நாற்பது அடியில் ஒரு தத்துவம்

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டினர். திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தவர். அவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களை உடையது. எல்லாவற்றையும் கூட்டினாலும் 40 அடிகளே. மெய்கண்டாரின் குடும்பக் குருவாகிய அருணந்தி சிவாசாரியார் வயதில் மூத்தவர், சகலாகமங்களையும் கற்றவர். அவர் அந்த இளைஞரை நாடி வந்து, ஆணவ மலத்தின் வடிவம் யாதென வினவினார் என்றும், மெய்கண்டார் விடை கூறாமல் வினவியவரையே ஏற இறங்க நோக்கினார் என்றும், குறிப்பை உணர்ந்த முதியவர் அக்கணமே அவர்தம் மாணவராயினார் என்றும் மரபு கூறுகிறது. இளையவர் வாயில் வரும் சொல்லையும் மூத்தவர் செவிகொடுத்துக் கேட்ட இந்நிகழ்ச்சியில் நம் இல்லங்களுக்கும் பாடம் உண்டு.

சிவஞானபோதத்தின் அமைப்பே அளவை நூல் முறையில் அமைந்தது. ஒவ்வொரு சூத்திரமும் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் நிறுவ வேண்டிய கருத்து மேற்கோளாகவும், அதற்குரிய காரணம் ஏதுவாகவும், விளக்கம் எடுத்துக்காட்டாகவும் நிறுத்தப்படுகின்றன. மலையில் தீ உண்டு என்பது மேற்கோள். புகை உடைமையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது எடுத்துக்காட்டு. இதே வரிசையில்தான் இறைவன் உண்மையும் நிறுவப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் இந்நூலுக்கு எழுதிய மாபாடியம், தடை விடைகளை விரிவாக ஆராயும் பேருரையாகும். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் ஹொய்சிங்டன் 1854இல் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார், பின்னர் ஜே. எம். நல்லசுவாமி பிள்ளை 1895இல் விளக்கத்துடன் கூடிய மொழிபெயர்ப்பை அளித்தார். பிற நாட்டுத் தத்துவ அறிஞர் விரும்பிக் கற்ற நூல், நம் ஆலயத்து நூலக அலமாரியில் தூசி படிந்து கிடத்தல் தகுமா?

முதற்படி: உலகம் தோன்றி மறைவது

மெய்கண்டார் தம் வாதத்தை வானுலகிலிருந்து தொடங்கவில்லை. ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டி அறியப்படும் இவ்வுலகிலிருந்தே தொடங்குகிறார். சுட்டி அறியப்படும் யாவும் தோன்றுகின்றன, சில காலம் நிற்கின்றன, பின் ஒடுங்குகின்றன. தோற்றம், நிலை, இறுதி என்னும் இம்முத்தொழிலுக்கு உட்படாத பொருள் உலகில் இல்லை.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று காணலாம். கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவ்வழி வந்த பயிர் பேரா மாநிலக் காடுகளை அழித்துத் தோட்டங்களாக்கியது. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. பின்னர்ச் செம்பனைக்கு இடங்கொடுத்துப் பெரும்பாலும் மறைந்தது. காடு போய்த் தோட்டம் வந்தது. தோட்டம் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் கண்ட மாற்றம் இது. மலையும் கடலும் விண்மீனும் இதற்கு விலக்கல்ல. அவற்றின் கால அளவுதான் நீண்டது.

இரண்டாம் படி: தோன்றுவதற்கு ஒரு கருத்தா

தோன்றும் பொருளுக்கு மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சித்தாந்தம். குடம் உண்டாக மண் வேண்டும், அது முதற்காரணம். திரிகையும் தண்டும் வேண்டும், அவை துணைக்காரணம். குயவன் வேண்டும், அவன் நிமித்தகாரணம். குயவனைக் கண்டறியாத இன்றைய பிள்ளைகளுக்குத் தோட்டத்து உவமையே எளிதில் விளங்கும். மரத்துப் பால் முதற்காரணம். அதனை உறைய வைக்கும் அமிலமும், தட்டும், உருளை இயந்திரமும் துணைக்காரணம். இவற்றையெல்லாம் அளவறிந்து கூட்டும் தொழிலாளி நிமித்தகாரணம். இம்மூன்றில் எது குறையினும் ரப்பர்த் தகடு கிடையாது.

அவ்வாறே உலகிற்கு மாயை முதற்காரணம், இறைவனின் சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்த முடிபு. இங்கே ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். இல்லாத ஒன்றிலிருந்து இறைவன் உலகை உண்டாக்கினான் என்று சித்தாந்தம் கூறுவதில்லை. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்பது அதன் அடிப்படை. மாயை என்றும் உள்ளது, ஆனால் அறிவற்றது. அறிவற்ற பொருள் இன்னார்க்கு இன்ன உடம்பு, இன்ன இடம், இன்ன நுகர்ச்சி வேண்டும் என்பதை உணர்ந்து தானே உருக்கொள்ள இயலாது. உயிர்களோ அறிவுடையன, ஆயினும் உடம்பும் கருவியும் கூடாத நிலையில் அவ்வறிவு விளங்காது. வினையும் அறிவற்றது, செய்தவனைத் தானே தேடிச்சென்று பற்றும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே இம்மூன்றையும் அறிந்து கூட்டுவிக்கும் ஒருவன் உளன் என்பது ஏதுவினால் பெறப்படுகிறது.

சாங்கியர் இதற்கு நயமான தடையொன்று எழுப்பினர். கன்றுக்காகப் பால் தானே சுரக்கிறது, பாலுக்கு அறிவில்லை, அதுபோல் அறிவற்ற மூலப்பகுதியும் உயிர்களின் பொருட்டுத் தானே இயங்கலாம் என்றனர். வேதாந்திகள் அளித்த விடையும் நயமானதே. பால் அறிவற்றது, உண்மை. ஆனால் பசு அறிவுடையது. கன்றின்மீது அன்பில்லாத இடத்தில் மடி சுரப்பதில்லை. நம் பட்டறிவில் கூறினால், சீவும் கை இல்லாமல் பால்மரம் தானே கோப்பையை நிரப்பி வைப்பதில்லை.

மூன்றாம் படி: ஒடுக்குபவனே முதல்வன்

மெய்கண்டாரின் தனிச்சிறப்பு இம்மூன்றாம் படியில் விளங்குகிறது. படைப்பவன் ஒருவன், காப்பவன் ஒருவன், அழிப்பவன் ஒருவன் என்று புராணங்கள் கூற, அவருள் முதல்வன் யார் என்பது அடுத்த வினா. உலகம் முழுவதும் ஒடுங்கும் காலத்தில் எஞ்சி நிற்பவன் எவனோ, அவனிடமிருந்துதான் மீண்டும் உலகம் தோன்ற முடியும். ஒடுக்கத்திற்கு உட்பட்டு மறைந்தவர் மீளத் தொடங்கி வைத்தல் கூடாது. ஆகவே இறுதியைச் செய்பவனே ஆதியும் ஆவான் என்று அவர் முடிவு கட்டுகிறார். அழித்தற் கடவுளை முழுமுதலாகச் சைவர் கொண்டாடுவது வெறும் சமயப்பற்றால் அன்று. ஒரு தருக்கம் அதன் அடியில் நிற்கிறது. அந்த அழித்தலும் சினத்தால் நிகழ்வதன்று, பிறந்து இறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் தருவதே என்று சித்தாந்த நூல்கள் விளக்குகின்றன.

உலகெங்கும் ஒரே தேட்டம்

இவ்வாராய்ச்சி தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. மிதிலை நாட்டு உதயணர் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த நியாய நூலார். அவருடைய நியாய குசுமாஞ்சலி, இறைவன் உண்மையை நிறுவுவதற்கென்றே எழுந்த நூல். உலகம் செய்யப்பட்ட பொருள் ஆதலால் செய்தவன் உண்டு. அறிவற்ற அணுக்கள் முதன்முதலில் கூடுவதற்கு அறிவுடைய ஒருவன் வேண்டும். உலகைத் தாங்குபவன் ஒருவன் வேண்டும் என அவர் பல ஏதுக்களை அடுக்குகிறார். நியாய நூலாருக்கும் பௌத்த அறிஞருக்கும் இடையே இது குறித்துப் பல நூற்றாண்டுகள் வாதம் நடந்தது.

இஸ்லாமிய உலகில் 1111இல் மறைந்த அறிஞர் கஸ்ஸாலி, தொடக்கம் உடைய எதற்கும் காரணம் உண்டு, உலகம் தொடக்கம் உடையது, ஆகவே உலகிற்கும் காரணம் உண்டு என்று வாதிட்டார். கிறித்துவ உலகில் 11ஆம் நூற்றாண்டின் ஆன்செல்ம், இதனினும் பெரியது ஒன்றை எண்ண முடியாது என்னும்படியான ஒன்றைப் பற்றிய எண்ணமே அதன் உண்மையைக் காட்டும் என்றார். மெய்கண்டார் வாழ்ந்த அதே 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ் ஐந்து வழிகளை வகுத்தார். வெவ்வேறு திசைகளில் இருந்தோர் ஒரே கேள்வியை எழுப்பி, ஏறத்தாழ ஒத்த வழிகளில் நடந்தனர். பல இனத்தார் கூடி வாழும் நம் நாட்டில், அண்டை வீட்டாரும் இதே தேட்டம் உடையவர் என்பதை அறிதல் நல்லிணக்கத்திற்கும் துணையாகும்.

தடைகளும் விடைகளும்

இனி, ஐயுறும் இளைஞர்களின் பக்கம் நின்றும் நோக்குவோம். அவர்களுடைய தடைகள் எளியன அல்ல.

முதல் தடை: உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் தோன்றி மறைவதால், உலகம் முழுவதுமே தோன்றி மறையும் என்று எவ்வாறு கூறலாம்? 1948இல் லண்டன் பிபிசி வானொலியில் கொப்பிள்ஸ்டன் பாதிரியாரோடு வாதிட்ட பெர்ட்ரண்ட் ரசல், ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதனால் மனித இனத்திற்கே ஒரு தாய் உண்டு என்று ஆகாது என்ற கருத்தை முன்வைத்தார். வலிமை வாய்ந்த தடை இது. உலகின் பகுதிகள் மட்டுமே மாறுகின்றன, முழுமை மாறாது என்று கூறிய உலோகாயதர்க்கு விடையளித்த நம் உரையாசிரியர்களும் இதனை உணர்ந்திருந்தனர். அவ்விடையின் சாரம், பகுதியைக் கூட்டி முழுமையைக் கணக்கிடுவதில் இல்லை. அறிவற்றதாய், உறுப்புகளால் ஆனதாய், பிறர் நுகர்ச்சிக்குரியதாய் இருத்தல் உலகம் முழுவதற்கும் பொதுவான இயல்பு. அவ்வியல்பே அறிவுடைய ஒருவனை வேண்டி நிற்கிறது என்பதே அது.

இரண்டாம் தடை இதனினும் நுட்பமானது. தைப்பிங் ஏரிப் பூங்காவை நினைவுகூர்வோம். மழைமரங்கள் நீரைத் தொட்டுத் தாழ்ந்து நிற்கும் அவ்வழகிய ஏரிகளைப் புதிதாகக் காணும் ஒருவர், இவை இயற்கை ஏரிகள் என்றே கருதுவார். உண்மையில் அவை ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட பள்ளங்கள்; 1880இல் பூங்காவாக மாற்றப்பட்டவை. கமுந்திங்கின் பழைய பெயரே கிலியான் பாரு, அதாவது புதிய சுரங்கம் என்பதாகும். இவ்வட்டார வரலாறு அறிந்தவர் அந்நீர்ப்பரப்பில் மனிதக் கையைக் காண்கிறார், அறியாதவர் காண்பதில்லை. செய்யப்பட்டது எது, செய்யப்படாதது எது என்று வெறும் கண்ணால் பிரித்தறிதல் இயலாது. முன்பு அத்தகைய பொருள் செய்யப்படுவதைக் கண்ட பட்டறிவு வேண்டும். குயவன் குடம் வனைவதைக் கண்டிருக்கிறோம். உலகம் வனையப்படுவதைக் கண்டவர் யார்?

இத்தடையை எழுப்பியவர்கள் நாத்திகர் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. வைணவப் பேராசாரியர் இராமானுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் இதனையே வலியுறுத்துகிறார். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று? பெரிய மாளிகையைப் பலர் கூடிக் கட்டுகின்றனர். உலகையும் பலர் செய்திருக்கலாமே? நாம் கண்ட கருத்தாக்கள் யாவரும் உடம்புடையவர். உலகைச் செய்தவனும் உடம்புடையவன் என்றல்லவா அனுமானம் முடியும்? ஆகவே இறைவனை அனுமானத்தால் நிறுவ இயலாது, வேதமே அதற்குப் பிரமாணம் என்பது அவர் முடிபு. திருமாலடியாருள் தலைசிறந்த ஒருவரே இவ்வாறு கூறியிருக்கிறார். ஆதலின் ஒரு சான்றை ஏற்காதவன் இறைவனையே ஏற்காதவன் ஆகிவிட மாட்டான். தருக்கத்தில் குறை காணும் மகனை நாத்திகன் என்று ஒதுக்கும் பெற்றோர், இராமானுசரையும் ஒதுக்க நேரிடும்.

உடம்பு பற்றிய வினாவிற்குச் சித்தாந்தம் விடை கூறுகிறது. நம் உயிர் வடிவமற்றது. எனினும் உடம்பை இயக்குகிறது. அவ்வியக்கத்திற்கு மற்றோர் உடம்பை அது இடையில் வேண்டுவதில்லை. கதிரவன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று அரும்புகிறது, ஒன்று வாடுகிறது. கதிரவன் எதனாலும் திரிபடைவதில்லை. அவ்வாறே இறைவன் தன் சங்கற்பத்தால், திருமுன்னிலையால் தொழில் நிகழ்த்துகிறான் என்பர். இவ்விடை முழு நிறைவு தருமா என்பதை அவரவர் அறிவே தீர்மானிக்க வேண்டும். உவமை வழிகாட்டும், முழுச் சுமையையும் அது தாங்காது.

மூன்றாம் தடை அறிவியல் சார்ந்தது. 1802இல் பேலி என்பார், வழியில் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டால் அதனைச் செய்தவனை உணர்வது போல, உயிர்களின் அமைப்பைக் கண்டு இறைவனை உணரலாம் என்றார். 1859இல் டார்வின், நெடுங்கால இயற்கைத் தெரிவினாலேயே அவ்வமைப்புகள் உருவாகக்கூடும் என விளக்கினார். உயிரினம் ஒவ்வொன்றும் தனித்தனியே வனையப்பட்டது என்னும் வாதத்தை அது பெரிதும் தளர்த்தியது. மாயையிலிருந்து தத்துவங்கள் படிமுறையாக விரிவதாகக் கூறும் சித்தாந்தம், உலகம் ஒரே நாளில் இன்றைய வடிவில் செய்யப்பட்டது என்பதைச் சார்ந்து நிற்கவில்லை. இயற்கைக்கு விதிகள் உண்டு என்று அறிவியல் காட்டும். விதிகளுக்குக் கட்டுப்பட்ட ஓர் உலகம் ஏன் இருக்கிறது என்பதே சித்தாந்தத்தின் வினா.

அதே வேளையில் ஒரு மிகையையும் தவிர்க்க வேண்டும். பிரபஞ்சம் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பு நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என அறிவியலார் கூறினால், "எங்கள் ஆகமத்தில் அன்றே உண்டு" என்று மேடையில் முழங்குவது அறிவு நேர்மை ஆகாது. அக்கொள்கைக்கு வித்திட்ட லெமைத்ர் தாமே ஒரு பாதிரியார். எனினும் தம் அறிவியலைச் சமயச் சான்றாகப் பயன்படுத்துவதை அவர் விரும்பவில்லை. நம் மேடைகளும் அந்நிதானத்தைக் கைக்கொள்ளலாம்.

நான்காம் தடை நெஞ்சிலிருந்து எழுவது. அறிவும் அருளும் உடைய ஒருவன் இவ்வுலகை ஆள்கிறான் எனில், பச்சிளங் குழந்தை ஏன் நோயுற்று வாட வேண்டும்? வினைப்பயன் என்றும், மலம் பக்குவப்பட மருத்துவன் தரும் கசப்பு மருந்து என்றும் சித்தாந்தம் விடை கூறும். கொள்கை அளவில் அது ஒழுங்கான விடையே. ஆயினும் பிள்ளையை இழந்து நிற்கும் தாயின் முன்னே அதனைக் கூறுவது அறமன்று. அங்கே அவள் கையைப் பற்றிக்கொள்வதே சைவம்.

அறிவின் எல்லை

1781இல் செர்மானிய அறிஞர் காண்ட், இறைவன் உளன் என்பதையும் தூய அறிவால் நிறுவ இயலாது, இலன் என்பதையும் நிறுவ இயலாது என்று வாதிட்டார். மேலை நாட்டில் இது பெரும் அதிர்ச்சியை விளைத்தது. நம் மெய்கண்டாரோ அறிவின் எல்லையைத் தம் ஆறாம் சூத்திரத்தில் தாமே வரையறுத்து வைத்தார். இறைவன் நம் சுட்டறிவிற்கு முற்றும் அகப்படுபவன் எனில், தோன்றி மறையும் உலகப் பொருள்களுள் ஒன்றாகிவிடுவான். எவ்வகையானும் அறியப்படாதவன் எனில், முயற்கொம்பு போல் இல்பொருளாகிவிடுவான். ஆகவே இவ்விரு வகையினும் வேறாய், அவனருளால் உணரத்தக்கவனாய் இருக்கிறான் என்பது அவர் காட்டும் நெறி. உலகிலிருந்து இறைவன் உண்மையை ஏதுவினால் நிறுவி நூலைத் தொடங்கிய அதே ஆசாரியர், இடைவழியில் நின்று, ஏது எதுவரை செல்லும் என்பதையும் நேர்மையோடு கூறிவிட்டார்.

இதனை எளிமையாக விளக்கலாம். புகையைக் கண்டு தீ உண்டு என்று தெளிகிறோம். தெளிவு உண்மையானதே. ஆனால் அத்தெளிவினால் குளிர் நீங்குவதில்லை. மழை ஓயாத புக்கிட் லாருட் மலைச்சாரலில் நனைந்து வருபவன், புகையைக் கண்டவுடன் அமர்ந்துவிட்டால் பயனில்லை. தீயின் அருகே செல்ல வேண்டும். புகையைக் காணாதவனோ எத்திசையில் நடப்பது என்றே அறியமாட்டான். அறிவு திசையைக் காட்டுகிறது, நடப்பது வழிபாடு, குளிர் நீங்குவது அருள்.

வேறொரு கோணத்திலிருந்தும் சித்தாந்தம் இதனை நோக்குகிறது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் ஒளியின்றி அது காணாது. ஒளியிருந்தும் உயிர் உடனின்று காணாவிடில் கண் காண்பதில்லை. அவ்வாறே உயிர் அறிவதற்கும் உடனின்று அறிவிப்பவன் ஒருவன் வேண்டும். அப்படியாயின், "கடவுள் உண்டா?" என்று வினவும் அறிவே யாருடைய துணையால் இயங்குகிறது? ஐயுறுபவனின் ஐயத்துக்குள்ளும் இறைவன் நிற்கிறான் என்று கொள்ளும் சமயம், ஐயத்தைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

ஆலயங்கள் செய்யத்தக்கது

ஆலய நிர்வாகத்தினரும் உபயகாரர்களும் சிந்திக்க வேண்டிய இடம் இது. கோபுரத்திற்கு வண்ணம் தீட்டவும் விழாவிற்குப் பந்தலிடவும் தாராளமாக வழங்கும் கைகள், ஒரு சிறு வகுப்பறைக்கும் வழங்கலாம். திங்களுக்கு ஒரு முறை, சிவஞானபோதத்தின் ஒரு சூத்திரம் என்று எடுத்துக்கொண்டால் ஓராண்டில் நூல் நிறைவுறும். அவ்வகுப்பில் ஆசிரியர் பேசும் நேரத்திற்கு இணையாக இளைஞர் வினவும் நேரமும் இருத்தல் வேண்டும். தெரியாத இடத்தில் "தெரியவில்லை, அடுத்த திங்கள் கற்று வந்து கூறுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியரையே பிள்ளைகள் மதிப்பர். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் பேசப் பழகிய பிள்ளை, சமயத்தில் மட்டுமன்றித் தொழிலிலும் வழக்கிலும் பொதுவாழ்விலும் தெளிந்து நிற்கும்.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். காவடி எடுக்கும் மகனையும், காரணம் கேட்கும் மகளையும் ஒரே பந்தியில் அமர்த்துங்கள். ஒருவன் தோளால் இறைவனைச் சுமக்கிறான். மற்றவள் அறிவால் தேடுகிறாள். தேடுவோரைச் சான்றோர் தடுத்ததில்லை. அருணந்தியார் வினவியிராவிட்டால் அவருக்கு ஞானம் கிட்டியிராது. சிவஞான சித்தியாரும் நமக்குக் கிட்டியிராது.

ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் மறைந்த இம்மண்ணில் நம் முன்னோர் விட்டுச்சென்ற ஆலயங்கள் இன்றும் நிலைத்து நிற்கின்றன. கல்லும் சுதையும் மட்டும் அவற்றை அடுத்த தலைமுறைவரை காத்துவிடா. ஏன் வணங்குகிறோம் என்பதை அறிந்து வணங்கும் நெஞ்சங்களே அவற்றைக் காக்கும். இத்திருவிழா நன்னாளில் எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு வினவும் துணிவையும், நமக்குச் செவிகொடுக்கும் பொறுமையையும், இருவர்க்கும் மெய்யுணர்வையும் அருள்வானாக!